பெட்டியின் நாடாக்கள்

திருப்புலி நாட்டில் நான் போய்த் தங்கும் வீட்டில் சிக்னல் கிடைக்காது. காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்பே, கேட்க வேண்டியதைத் தரவிறக்கி வைத்துக்கொள்வேன். இந்த முறை கொண்டுபோனது ஒரு ராக் கச்சேரி: 1977 மே 8, அமெரிக்காவின் இத்தாக்கா நகரம், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கம், கிரேட்ஃபுல் டெட் குழு. கொல்லிமலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வருகிறேன்.

சைக்கடெலிக் ராக் தழைத்த சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1965இல் உருவான குழு இது. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள். ஒரு பாட்டை வாசித்துக்கொண்டே நழுவி இன்னொரு பாட்டுக்குள் போய்விடுவார்கள். நம் வித்வான்களின் ஆலாபனை அன்றன்றைக்கு அமைவதுபோலத்தான். ஆகவே இவர்களின் ரசிகர்களுக்கு ஸ்டுடியோ ஆல்பம் இரண்டாம்பட்சம். எந்த ஊர், எந்தத் தேதி என்பதுதான் கணக்கு. கூட்டத்தில் மைக்கை உயர்த்திப் பதிவு செய்தவர்களுக்கு 1984இல் அரங்கிலேயே தனி இடம் ஒதுக்கப்பட்டது. கேசட்டைக் கொடுத்து இன்னொரு கேசட் வாங்கலாம், காசுக்கு விற்கக் கூடாது. பலரும் இதைப் பெரிய சமத்துவக் கதையாகச் சொல்கிறார்கள்.

எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. ரசிகர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாடாக்களில் பல, கூட்டத்திலிருந்து வந்தவை அல்ல. குழுவின் ஒலிப்பொறியாளராக இருந்த பெட்டி கேண்டர்-ஜாக்சன் என்ற பெண் பதிவு செய்தவை. (தமிழில் எழுதும்போது இந்தப் பெயர் செய்யும் வேடிக்கையை நான் திட்டமிடவில்லை. ஆனால் விட்டுவிட மனமும் இல்லை.) 1969இல் 16 தடக் கருவியில் பதிந்து வெளிவந்த ‘லைவ்/டெட்’ தொகுப்பில் பாப் மேத்யூஸுடன் சேர்ந்து உழைத்தவர். மேடைச் சாமான்களைத் தூக்கும் வேலையிலிருந்து மிக்சர் வரைக்கும் ஆண்களே நிறைந்திருந்த தொழில் அது.

அவர் செய்ததைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கூட்டத்தில் நின்று பதிந்தால் கைதட்டலும் எதிரொலியும் பாட்டின் மேல் ஏறி உட்காரும். மேடை மிக்சரிலிருந்து நேரே எடுத்தால் வேறு கோளாறு: கிட்டாரும் டிரம்மும் தாமே முழங்குவதால் ஒலிபெருக்கிக்கு அவற்றைக் குறைவாகவே அனுப்புவார்கள், நாடாவில் குரல் மட்டும் துருத்தி நிற்கும். பெட்டி பதிவுக்கென்றே தனிக் கலவை செய்தார். அதுவும் இரண்டே தடத்தில், வாசிக்க வாசிக்க. பிறகு உட்கார்ந்து திருத்தச் சந்தர்ப்பம் கிடையாது. கார்னெல் பதிவில் பேஸ் கிட்டாரின் சுரங்களைத் தனித்தனியாக எண்ணலாம், இரண்டு டிரம்மர்களைப் பிரித்தறியலாம், ஆனாலும் அரங்கம் செத்துப்போகவில்லை. அன்றிரவு அவரும் வாசித்தார் என்றே நான் சொல்வேன். அதற்கு எட்டு மாதம் முன்பு, 1976 செப்டம்பரில், அதே குழுவில் வேலை பார்த்த அவருடைய கணவர் ரெக்ஸ் ஜாக்சன் கார் விபத்தில் இறந்திருந்தார். ஆனால் நாடாவுக்குள் அவருடைய துக்கத்தைத் தேடிக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓர் ஆண் பொறியாளரிடம் நாம் திறமையைத்தான் தேடுவோம்.

1980களில் அவர் குழுவை விட்டு விலகினார், பணக்கஷ்டம். வாடகைக் கிடங்கில் வைத்திருந்த நாடாச் சுருள்கள், ஆயிரத்துக்கும் மேல், 1986இல் ஏலத்துக்கு வந்தன. யார் யாரோ எடுத்தார்கள். அங்கிருந்து பிரதிக்குப் பிரதியாகப் பரவியதும் ரசிகர்கள் அவற்றுக்கு ‘பெட்டி போர்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மதுரை மல்லி என்பதுபோல ஒரு தரக்குறி. கார்னெல் இரவு 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தால் சேர்க்கப்பட்டது. முறையான வெளியீடாக அது வந்தது 2017இல், நாற்பது ஆண்டு கழித்து. இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழுவின் காப்பகத்திலிருந்து 1993இல் தொடங்கிய தொடருக்குப் பெயர் ‘டிக்ஸ் பிக்ஸ்’, 2012இல் தொடங்கியதற்கு ‘டேவ்ஸ் பிக்ஸ்’. டிக் லட்வாலா, டேவிட் லெமியூ என்ற காப்பாளர்களின் பெயர்கள் அவை. இருவரின் ஈடுபாட்டிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தேர்ந்தெடுத்தவர்களின் பெயர் அட்டையில் தலைப்பாக அச்சேறியது. பதிந்தவளின் பெயர் ரசிகர்களுக்குள் செல்லப்பெயராகவே உலவியது.

அதே கார்னெல் இரவில் இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் மேடையில் இருந்த டோனா ஜீன் காட்ஷா. 1972 முதல் 1979 வரை குழுவின் ஒரே பாடகி. ரசிகர் வட்டத்தில் ‘சுருதி சேராதவள்’ என்று இவரைக் கேலி செய்வது ஒரு சடங்கு. குழுவுக்கு வருமுன் அலபாமாவின் ஸ்டுடியோக்களில் பின்னணி பாடியவர். எல்விஸ் பிரெஸ்லியின் ‘சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்’ பதிவிலும் அவர் குரல் உண்டு. அங்கே சேர்ந்த சுருதி இங்கே எப்படிக் கெட்டது? மேடையில் தன் குரலே தன் காதில் விழவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். 1974இல் குழு பயன்படுத்திய பிரம்மாண்ட ஒலிச்சுவரில், பாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால்தான் அத்தனை ஒலிபெருக்கிகளும் இருந்தன. சில இரவுகளில் அவர் தவறுவது உண்மை. ஜெர்ரி கார்சியாவும் வரிகளை மறப்பார், கிட்டார் தடுமாறும். அதற்கு ‘சாகசம்’ என்று பெயர். கார்னெலில் ‘டான்சிங் இன் தி ஸ்ட்ரீட்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள், டோனாவின் குரல் எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று.

மற்றவர் அன்றிரவு அந்த ஊரிலேயே இல்லை. எல்லோரும் சிலாகிக்கும் அந்தப் பதினான்கு நிமிட ‘மார்னிங் ட்யூ’வை எழுதியவர் பானி டாப்சன் என்ற கனடாப் பெண். 1961இல், இருபதை ஒட்டிய வயதில், அணு யுத்தத்துக்குப் பிறகு மிஞ்சிய ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வதாக எழுதினார். சில ஆண்டுகள் கழித்து டிம் ரோஸ் என்ற பாடகர் அதைக் கொஞ்சம் மாற்றிப் பாடி, பாட்டாசிரியராகத் தன் பெயரையும் ஒட்டிக்கொண்டார். அந்த இரவை எழுதியவள், பாடியவள், பதிந்தவள் என்று மூன்று பெண்கள். ரசிகர் எழுத்தில் நான் படித்ததெல்லாம் கார்சியாவின் கிட்டாரைப் பற்றித்தான். அவர் மகா கலைஞர், மறுக்கவில்லை. அந்த கிட்டார் எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் என் கேள்வி.

இப்போது கொல்லிமலை. இந்த மலையை ஆண்ட ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டும் ஒரு நேரடி நிகழ்ச்சியின் பதிவுதான். முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லி ஆயத்தம் செய்யச் சொல்கிறார் புலவர். கருவிகளுக்கெல்லாம் பெயர் உண்டு. பக்கத்தில் நிற்கும் பெண் வெறும் ‘விறலி’. பல ஆண்டுகளாக வகுப்பில் இதை நடத்துகிறேன். யாரும் அவள் பெயரைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

நானும்தான். முனைவர் பட்ட ஆய்வுக்காகத் திருப்புலி நாட்டுப் பெண்களின் களையெடுப்புப் பாட்டுகளைப் பன்னிரண்டு கேசட்டுகளில் பதிந்தேன். சாமைக் காட்டில் பாடியவர்களை வீட்டுக்குள் கூட்டிவந்து, கோழியை விரட்டி, பிள்ளைகளை வெளியே அனுப்பி, திருகையை நிறுத்தச் சொல்லி, ‘சுத்தமாக’ எடுத்தேன். பின்னிணைப்பில் அவர்களைத் ‘தகவலாளர் 7 (பெண், 60)’ என்று எண்ணிட்டேன். கேசட் உறைகளில் இருந்தது என் பெயர். காட்டில் எடுத்த ஒன்றே ஒன்றில் ‘பயன்படாது’ என்று எழுதி ஒதுக்கியிருந்தேன். இப்போது கேட்கக் கூடியதாக இருப்பது அதுதான். ஒருத்தி வரியை மறக்கிறாள், இன்னொருத்தி எடுத்துக் கொடுக்கிறாள், யாரோ சிரிக்கிறார்கள், மண்ணில் களைக்கொத்து விழுகிறது. பாட்டின் தாளம் அந்தக் களைக்கொத்தில் இருந்திருக்கிறது. ஆய்வேட்டில் நான் தாளத்தைப் பற்றி ஒரு தனி இயலே எழுதியிருக்கிறேன், அதைக் கேட்காமலே.

கார்னெல் கச்சேரியோடு அந்தக் கேசட்டின் பிரதியையும் அலைபேசியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன். சாயங்காலம் திண்ணையில் போட்டேன். பாட்டை யாரும் கேட்கவில்லை, குரல்களைத்தான் கேட்டார்கள். “இது எங்க அத்தை. கனைக்கிறாங்க பாரு.” “சிரிக்கிறது பெரியம்மா, வேற யாரு?” ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, உறையில் என் பெயரை அடித்துவிட்டு எழுதினேன். ஆறு பெயர்கள் வந்தன. வரியை எடுத்துக் கொடுக்கிறாளே, அவள் குரலில் மட்டும் தகராறு. “போடு டீச்சரம்மா, இன்னொருக்கா” என்றார்கள். நான்காவது தடவை போட்டபோது சார்ஜ் தீர்ந்துவிட்டது.