என்ன நடந்தது என்று யார் கேட்பது?

இரவு இரண்டு மணி இருக்கும். அத்தைக்குத் துணையாக ஒரு மருத்துவமனையின் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து ஓடினார். அழுக்குத் துணி மூட்டையோடு வந்த பணியாளரிடம்கூட, "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டார். "டாக்டர் வந்து சொல்வாரு, வெயிட் பண்ணுங்க." நாலாவது முறை கதவுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். வாட்ச்மேன் எழுந்துவிட்டார்.

அதற்குள் ஒரு நர்ஸ் வெளியே வந்தார். எதிரே நிற்காமல் பக்கத்தில் போய் நின்றார். "தம்பி, அப்பாவுக்கு மூச்சுவிட டியூப் வெச்சிட்டு இருக்காங்க. அரை மணி நேரத்துல நானே வந்து சொல்றேன். கூட யாரு வந்திருக்கா?" அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். 2021இல் கொரோனாவில் அவருடைய அம்மா இப்படி ஒரு கதவுக்குப் பின்னால்தான் இறந்தாராம். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். நர்ஸ் சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பி வந்தார்.

மனக்காயம் உணர்ந்த பராமரிப்பு என்று மருத்துவ உலகம் பேசுவது இதைத்தான். "உனக்கு என்ன கோளாறு?" என்று கேட்காமல் "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்கச் சொல்கிறது அது. 1995 முதல் 1997 வரை கலிஃபோர்னியாவில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, சிறுவயதில் பட்ட அடியும் புறக்கணிப்பும் பிற்கால நோய்களோடு எவ்வளவு நெருங்கியவை என்று காட்டியது. 2014இல் அமெரிக்க அரசின் மனநலத் துறை இந்தப் பராமரிப்புக்கு ஆறு நெறிகளை வகுத்தது. பாதுகாப்பு, நம்பகம், கூடிச் செயல்படுதல் என்று போகும் அந்தப் பட்டியல் நல்லதுதான். ஆனால் அதை எப்படி அளப்பது என்று கேட்டால் கையில் எதுவும் நிற்காது.

அளந்து பார்த்தது இதன் நெருங்கிய உறவான 'சேஃப்வார்ட்ஸ்'. லென் பவர்ஸ் என்ற மனநலச் செவிலியப் பேராசிரியர் இங்கிலாந்தில் உருவாக்கிய முறை இது. பத்தே பத்து எளிய பழக்கங்கள். ஒருவருக்குக் கெட்ட செய்தி வரப்போகிறது என்றால் முன்கூட்டியே பக்கத்தில் ஆள் இருப்பது ஒன்று. வார்டில் கைகலப்பு நடந்துவிட்டால், அதைப் பார்த்து நடுங்கிய மற்ற நோயாளிகளிடமும் போய்ப் பேசுவது இன்னொன்று. 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் சோதித்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி மோதல்கள் 15 சதவீதமும், பிடித்து அடக்குவது, தனியறையில் அடைப்பது போன்ற கட்டுப்படுத்தல்கள் 26 சதவீதமும் குறைந்தன. கணக்கெழுதியவர்கள் அந்த வார்டு ஊழியர்களே என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், ஆள் பலம் கூட்டாமல் அமைதி கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

அவை மனநல வார்டுகள். அங்கே மோதல் பெரும்பாலும் நோயாளிக்கும் ஊழியருக்கும் இடையில். நம் காஷுவாலிட்டியில் கை ஓங்குபவர் பெரும்பாலும் கூட வந்தவர். அவருக்குப் பழைய மனக்காயம் இருக்கிறதா என்று ஆராய யாருக்கும் நேரமில்லை. ஆராயத் தேவையும் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது, அடுத்த சேதி எப்போது வரும் என்ற இரண்டைச் சொன்னால் பாதிக் கொதிப்பு அடங்கும். இந்த முறையிலிருந்து நாம் உடனே எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

எல்லா வன்முறையையும் இந்தக் கண்ணாடி வழியே பார்ப்பதில் ஆபத்தும் இருக்கிறது. சர்க்கரை இறங்கியதாலோ மூளைக் காய்ச்சலாலோ கை வீசுபவருக்கு முதலில் வேண்டியது மருந்து. குடித்துவிட்டு வந்து மிரட்டுபவரிடம் உறுதி வேண்டும், காவலும் வேண்டும். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் நோயாளி ஒருவரின் மகன் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். இதமாகப் பேசியிருந்தால் தடுத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால், அது அந்த மருத்துவருக்குச் செய்யும் அநீதி. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறை என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2008லேயே வந்துவிட்டது. அதுவும் அன்று அந்தக் கையைத் தடுக்கவில்லை.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. இந்த முறையை நிர்வாகங்கள் அரைநாள் வகுப்பாகச் சுருக்கி, "கனிவாகப் பேசுங்கள்" என்று நர்ஸ்கள் தலையில் கட்டிவிடுவது மிக எளிது. அடிபட்டவரையே, "அவர் மனநிலையைப் புரிந்துகொண்டிருக்கலாமே" என்று கேட்பதில் போய் முடியும் அது. ஊழியரின் காயமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான் என்று மூல நூல்களே சொல்கின்றன. ஒரு இரவுக்கு எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்பதைத் தொடாமல் கனிவை மட்டும் கேட்பது கொடுமை.

விடிந்து டியூட்டி முடிந்து கிளம்பிய அந்த நர்ஸிடம், ராத்திரி பயமாக இல்லையா என்று கேட்டேன். போன மாதம் ஒரு நோயாளியின் உறவினர் கன்னத்தில் அறைந்துவிட்டாராம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எட்டு மணி ஊசிகளைப் போட்டு முடித்தாராம்.

"அப்புறம் யாராவது கூப்பிட்டுப் பேசினாங்களா?"

"ரிப்போர்ட் எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேன்."