தேவாங்கில் தொடங்கிய கண்டம்: 'லெமூரியா' பத்தி ஒரு திறனாய்வு



'தமிழின் தொன்மை', 'தமிழர் பெருமை' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால் போதும், ஒரு பத்தி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பத்தின்னு உங்களுக்கே தெரியும். இந்தியப் பெருங்கடலில் லெமூரியா என்றொரு கண்டம் இருந்தது. முதல் மனிதன் அங்கேதான் தோன்றினான். அவன் பேசியது தமிழ். அந்தக் கண்டத்தைக் கடல் கொண்டது. நம் இலக்கியம் அதைக் குமரிக்கண்டம் என்கிறது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, காலும்பாங் என்று எந்தப் பக்கம் போனாலும் அக்கா நோட்டிலிருந்து தம்பி நோட்டுக்கு இறங்கி வரும் பத்தி இது.

ஒரு கவிதையையோ சிறுகதையையோ திறனாய்வு செய்யும்போது யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்தச் சான்றை வைத்துச் சொன்னது என்று கேட்கிறோம். அதே கேள்விகளை இந்தப் பத்தியிடமும் கேட்டுப் பார்ப்போம்.

ஒரே பத்தியில் மூன்று கதைகள்

முதல் கதை தேவாங்கின் கதை. 'தேவாங்கு மாதிரி முழிக்காதே' என்று வீட்டில் திட்டு வாங்காத பிள்ளை உண்டா? தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர் பக்கத்துக் காடுகளில் வாழும் அந்தப் பெரிய கண் பிராணிக்கு இங்கே மலேசியக் காடுகளிலும் ஓர் உறவினர் உண்டு. மலாயில் அதைக் 'கொங்காங்' என்பார்கள். இவற்றுக்குத் தூரத்துச் சொந்தமான லெமூர்கள் மடகாஸ்கர் தீவில் நிறைய வாழ்கின்றன. நடுவில் இவ்வளவு பெரிய கடல் கிடக்க, இந்தச் சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் எப்படிப் பிரிந்து போனார்கள்? இந்தக் கேள்விக்கு விடையாக, 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர், நடுவில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து, லெமூரின் பெயரையே வைத்து அதை 'லெமூரியா' என்றார். அவர் பேசியது விலங்குகளைப் பற்றி. மனிதனும் அதில் இல்லை, தமிழும் இல்லை.

இரண்டாம் கதை ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹெக்கலுடையது. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளிவந்துவிட்டது. ஆனால் ஆதிமனித எலும்புகள் அப்போது கைக்கு மிகக் குறைவாகவே கிடைத்திருந்தன. மனிதன் தோன்றிய இடம் கடலுக்கடியில் போன லெமூரியாவாக இருக்கலாம் என்று 1870களில் ஹெக்கல் எழுதினார். டார்வினோ 1871இல், ஆப்பிரிக்காவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். இருவருமே ஊகித்தார்கள். பின்னால் வந்த சான்றுகள் டார்வின் பக்கம் நின்றன.

மூன்றாம் கதைதான் நம்முடையது. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களுக்கும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் என்று கணக்குத் தருகிறது. பிற்காலத்து உரையாசிரியர் அடியார்க்குநல்லார், கடல் கொண்ட நிலத்தின் நீளம் 700 காவதம் என்கிறார். கவனியுங்கள்: இவற்றில் எதுவும் அங்கே முதல் மனிதன் தோன்றினான் என்று சொல்லவில்லை. 'குமரிக்கண்டம்' என்ற சொல் கந்தபுராணத்தில் வருகிறது. அங்கே அது பாரதத்தின் ஒன்பது கண்டங்களுள் ஒன்றின் பெயர். கடலில் மூழ்கிய நாட்டின் பெயரல்ல.

இந்த மூன்றையும் ஒன்றாகத் தைத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டிலும் எழுதிய தமிழறிஞர்கள். கா. அப்பாத்துரை இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். தேவநேயப் பாவாணர் தம் மொழி ஆராய்ச்சிக்கே இதை அடித்தளமாக வைத்தார். 1981இல் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது தமிழ்நாடு அரசு இதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தது.

ஏன் ஒட்டிக்கொண்டது?

இதை எளிதாகக் கேலி செய்துவிடலாம். ஆனால் அது நல்ல திறனாய்வு ஆகாது. பால்மரக் காட்டில் விடியற்காலையே பெரட்டுக்குப் போய் நின்றவர்களை 'கூலி' என்றே பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. லயத்து வீட்டில் பிறந்த பிள்ளைக்கு, 'நீ நேற்று கப்பலில் வந்தவன் இல்லை, உனக்குப் பின்னால் ஒரு கண்டமே இருக்கு' என்று ஒரு வாத்தியார் சொன்னால் அது எவ்வளவு பெரிய தெம்பு! தோட்டத்துப் பள்ளியில் அந்தத் தெம்பு தேவைப்பட்டது. அதைக் கொடுத்தவர்களின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை சான்றில்தான். சான்றில்லாத பெருமையைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பினால், கல்லூரியில் யாராவது ஒரே ஒரு கேள்வி கேட்டதும் அது உடைந்துவிடும். அதோடு சேர்த்து, உண்மையான பெருமைகள்மேலும் அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும். இதுதான் உண்மையான நட்டம்.

காலக் கணக்கு உதைக்கிறது

பத்தியின் பெரிய ஓட்டை காலம். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக ஒட்டியிருந்தது உண்மை. ஆனால் அவை பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். நம்மைப் போன்ற மனிதரின் மிகப் பழைய எலும்புகளாகக் கருதப்படுபவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டு என்று 2017இல் வெளியான ஆய்வு கூறியது. களவியல் உரையின் மூன்று சங்கக் கணக்கைக் கூட்டினாலோ 9,990 ஆண்டுதான் வருகிறது. கோடி, லட்சம், ஆயிரம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழைத்தால் எப்படிங்க சரியாகும்?

நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது 1960களில் உறுதிப்பட்டதும் மூழ்கிய கண்டத்துக்குத் தேவையே இல்லாமல் போனது. அதற்கு முன்பே அதைக் கைவிட்ட ஒருவரை நம் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். 1854இல் சிங்கப்பூரில் வந்து இறங்கி, மலாக்காவில் தங்கி, குனோங் லேடாங் ஏறி, சரவாக்கில் இருந்தபடி 1855இல் புதிய உயிரினங்கள் தோன்றும் முறையைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். 1858இல் தெர்னாத்தே தீவிலிருந்து அவர் டார்வினுக்கு அனுப்பிய கட்டுரை, அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் லண்டன் லின்னியன் கழகத்தில் டார்வினின் எழுத்தோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. அந்த வாலஸ் 1876இல் லெமூரியாவை ஏற்றுக்கொண்டு எழுதினார். 1880இல் சான்று போதாது என்று கண்டு அதை மறுத்தார். தன் கருத்தைத் தானே மாற்றிக்கொள்வது அறிவியலில் அவமானம் இல்லை.

குரங்கு தாத்தாவா, பங்காளியா?

இந்தப் பாடத்தை எடுத்தாலே வகுப்பில் ஒரு கேள்வி வரும்: 'குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னா, கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில இன்னும் குரங்கு இருக்கே சார்?' நல்ல கேள்வி. அடக்கிவிடாதீர்கள். அங்கே மரத்தில் உட்கார்ந்திருக்கும் லூத்தோங்கின் அறிவியல் பெயரிலேயே சிலாங்கூர் இருக்கிறது: டிராக்கிபித்தேக்கஸ் செலாங்கொரென்சிஸ். குட்டி செம்மஞ்சள் நிறத்தில் பிறந்து, வளர வளர வெள்ளி கலந்த சாம்பல் நிறமாக மாறும்.

அந்த லூத்தோங் நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. இரு கிளைக்கும் பொதுவான மூதாதை சுமார் இரண்டரை, மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பங்காளி வீடு இன்னும் இருப்பதால் நம் வீடு பொய்யாகிவிடுமா? தமிழில் இதை விளக்க 'பங்காளி' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கடல் கொண்ட நிலம் பக்கத்திலேயே

கண்டத்தை எடுத்துவிட்டால் கட்டுரையில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தீபகற்பம், சுமத்திரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். இன்று புக்கிட் மெலாவத்தி மேலே நின்று பார்த்தால் தெரியும் மலாக்கா நீரிணை அன்று தரை. நடந்தே சுமத்திரா போயிருக்கலாம். அங்கே தமிழகமும் இலங்கையும் இணைந்திருந்தன. பனி உருக உருக இந்தத் தாழ்நிலங்களைக் கடல் கொண்டது. சிலப்பதிகாரம் சொல்வது இந்த நிகழ்வைத்தான் என்று முடிச்சுப் போட நமக்கு ஆதாரமில்லை. ஆனால் கடல் நிலத்தைக் கொள்வது கற்பனை அல்ல என்று தைரியமாக எழுதலாம்.

சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி அங்குள்ள கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. அவற்றைச் செய்தவர்கள் தமிழர்கள் அல்லர். நம் மனித இனம் அப்போது தோன்றவே இல்லை. தமிழ் மண்ணின் தொன்மை வேறு, தமிழ் மொழியின் தொன்மை வேறு. மொழி பேசிய மக்களின் நகர வாழ்வுக்குக் கீழடி இருக்கிறது. அதன் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் கொண்டுசென்றது. இந்த வேறுபாட்டை எழுதிக் காட்டும் மாணவர் கூட்டத்திலிருந்து தனித்துத் தெரிவார்.

நமக்கு வடக்கே, பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கு. 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள குனோங் ருந்து குகையில், 1990களின் தொடக்கத்தில், பேராசிரியர் சுரைனா மஜித் தலைமையிலான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு 'பேராக் மனிதன்' எலும்புக்கூட்டை அகழ்ந்தெடுத்தது. வயது 10,000 ஆண்டுக்கு மேல். அந்த மனிதருக்குப் பிறவியிலேயே இடக்கையில் ஊனம். ஆனாலும் ஐம்பது வயதளவு வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் கால்களை மடக்கி, உணவும் கருவிகளும் வைத்து, அக்கறையோடு புதைத்திருக்கிறார்கள். வேட்டையாடிப் பிழைத்த கூட்டம் அவரைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. மனிதத் தோற்றம் பற்றிய பாடத்தில் இதைவிடப் பெரிய பெருமை வேறென்ன வேண்டும்?

ஒரு சங்கடமான கேள்வி

கெர்லிங், கோலகுபு பாரு பக்கம் தெமுவான் ஒராங் அஸ்லி மக்கள் வாழ்கிறார்கள். இந்த நாட்டின் மூத்தகுடிகளில் அவர்களும் ஒருவர். அந்தச் சமூகத்துப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, 'உலகின் முதல் மனிதன் நாங்கள்தான்' என்ற வாக்கியத்தை நம் பிள்ளை சத்தம் போட்டு வாசிக்க முடியுமா? 'நேற்று வந்தவர்கள்' என்று நம்மைச் சொன்னபோது வலித்தது. அதே அளவுகோலைத் திருப்பிப் பிடிப்பதால் வலி தீராது. மரபணு ஆய்வுகள் சொல்வது இதுதான்: நாம் எல்லாரும் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஒரே குடும்பம், எந்த இனமும் இன்னொன்றைவிட வயதில் மூத்ததல்ல.

தேர்வுத் தாளில்

மாணவர்களே, அந்தப் பத்தியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. திருத்தி எழுதுங்கள், இப்படி: 'கடல் தம் நிலத்தைக் கொண்டதாகப் பழந்தமிழ் இலக்கியங்கள் கூறுகின்றன. பிற்காலத் தமிழறிஞர் சிலர் இதை லெமூரியா என்னும் 19ஆம் நூற்றாண்டு ஊகத்தோடு இணைத்தனர். இன்றைய அறிவியல் அந்தக் கண்டத்தை ஏற்பதில்லை. எனினும் கீழடி முதலிய அகழாய்வுகள் தமிழரின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன.' நான்கே வாக்கியம். இலக்கியம், வரலாறு, அறிவியல் மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

ஆசிரியர்களே, இப்படி எழுதிய தாளில் 'குமரிக்கண்டம் விடுபட்டுள்ளது' என்று சிவப்பு மையால் வெட்டிவிடாதீர்கள். சான்று கேட்கப் பழகிய பிள்ளையைத்தான் நாம் வளர்த்திருக்கிறோம் என்று நினைத்து, முழு மதிப்பெண் போடுங்கள்.