ஸ்டோனர்: வகுப்பறையில் வந்த அழைப்பு

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் வில்லியம்ஸ் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்டோனர்’ அந்நாளில் அதிகம் விற்கவில்லை. 2011இல் அன்னா கவால்டா அதனைப் பிரெஞ்சில் பெயர்த்த பின்னரே ஐரோப்பிய வாசகர் பலர் அதனை நாடினர். கதை முழுவதையும் ஆசிரியர் முதற் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார். வில்லியம் ஸ்டோனர் 1910இல், தமது 19ஆம் வயதில், மிசௌரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1956இல் இறக்கும்வரை அங்கேயே கற்பித்தார். உதவிப் பேராசிரியர் பதவிக்கு மேல் உயரவில்லை. அவரை நினைவில் வைத்திருந்த மாணவரும் மிகச் சிலரே. இதில் எழுதுவதற்கு என்ன உண்டு?

வேளாண்மை கற்க வந்த ஏழைக் குடியானவரின் மகன் அவர். இரண்டாம் ஆண்டில், கட்டாயப் பாடமாகிய ஆங்கில இலக்கிய வகுப்பில், பேராசிரியர் ஆர்ச்சர் ஸ்லோன் ஷேக்ஸ்பியரின் 73ஆம் சானெட்டை ஓதி அதன் பொருள் யாதென வினவுகிறார். ஸ்டோனருக்கு விடை வரவில்லை. உடன் பயில்வோர் முகங்களில் படிந்த ஒளியையும் தம் கைவிரல்களையும் முதன்முறை காண்பவர்போல் நோக்குகிறார். அவ்வளவே, ஆயினும் அவர் நிலத்திற்குத் திரும்பவில்லை. அழைப்பைக் குறித்து நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். விடைகூற இயலாத மௌனத்தையே அழைப்பாகக் காட்டிய வேறொரு நாவலை நாம் அறியோம். ஸ்லோன் பின்னர் அதற்குக் காதல் என்றே பெயரிடுகிறார். ‘ஆர்வம்’ என்று அதனை மென்மையாக்குதல் தகாது.

அக்காதலுக்கு விலை கொடுத்தவர் ஸ்டோனர் மட்டுமல்லர். தாம் ஊர் திரும்பப்போவதில்லை என்று அவர் அறிவிக்கும்போது தந்தை மறுப்பின்றி இசைகிறார். தாயாரோ கண்களை இறுக மூடி, முட்டிகளைக் கன்னத்தில் அழுத்தி, ஓசையின்றி அழுகிறார். நம்மை மிகவும் வருத்திய இடம் இதுவே.

ஸ்டோனரைப் புனிதராகவே கருதும் வாசகர் உளர். நாம் உடன்படோம். தகுதியற்ற மாணவன் ஒருவனைத் தேர்ச்சி பெறச் செய்ய மறுத்து, லோமாக்ஸின் பகையை ஆண்டுக்கணக்கில் தாங்கியவர், தம் மகளுக்காக அவ்வுறுதியைக் காட்டவில்லை. படிப்பறையில் தம்முடன் அமைதியாக அமர்ந்திருந்த சிறுமி கிரேஸை மனைவி ஈடித் பிரித்தெடுக்கையில் விட்டுக்கொடுக்கிறார். கிருபை எனப் பெயர்பெற்ற அம்மகள் பின்னாளில் குடியில் ஆழ்கிறாள். ஆசிரியரும் ஈடித்திற்கு நீதி செய்யவில்லை. தந்தை இறந்தபின் அவர் தந்த பரிசுகளை அவள் அழித்தொழிக்கும் காட்சி ஒன்று உண்டு. அவள் உள்ளத்திற்கு அதுவே வாயில்; ஆசிரியர் அதனுள் நுழையாமற் சென்றுவிடுகிறார்.

இறுதியில் ஸ்டோனரின் விரல்கள் தாம் எழுதிய ஒரே நூலின் தாள்களைத் தடவுகின்றன. அருகில் எவருமில்லை.