முதுகலைச் சமூகவியலும் வினாப்பட்டியலும்

நான்காண்டு இளங்கலை முடித்தவர்கள் ஓராண்டிலேயே முதுகலைப் பட்டம் பெறப் பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வழிசெய்தபின், சமூகவியலுக்கு அந்த ஓராண்டே போதும் என்று வாதிடுவோர் முன்வைக்கும் காரணம் இது: குடிமைப்பணித் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுப்போருக்கும் நெட் தேர்வு எழுதுவோருக்கும் வேண்டியது பாடப்பொருள்தான், இறுதிப் பருவத்து ஆய்வேடு சடங்காகிவிட்டதால் அதைக் கைவிடுவதில் இழப்பில்லை. ஆய்வேடு சடங்காகிவிட்டது என்பது உண்மை; கைவிடலாம் என்பது பிழை.

இதுவரை வழக்கிலுள்ள இரண்டாண்டு முதுகலைச் சமூகவியலின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. பிற துறைப் பட்டதாரிகளுக்கும் இது கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தற்கொலை என்னும் மிகத் தனிப்பட்ட செயலுக்கும் சமூகக் காரணங்கள் உண்டென்று சமூகவியலாளர் துர்க்கைம் 1897இல் நிறுவியதைப் படிக்கும் மாணவர், வறுமையையோ வேலையின்மையையோ தனிமனிதக் குறையாகப் பார்ப்பதை அதன்பின் எளிதில் தொடர முடியாது.

ஆனால் இந்தப் பார்வையைக் களத்தில் பயன்படுத்த வேண்டிய இடத்தில்தான் படிப்பு தோற்றுப்போகிறது. இரண்டாண்டுகளில் பெரும்பகுதி கோட்பாட்டுத் தாள்களில் கழிய, கடைசிச் சில வாரங்களில் மாணவர் ஒரு வினாப்பட்டியலை, அதாவது விடைகளும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட கேள்விகளின் தொகுப்பை, எடுத்துக்கொண்டு ஓர் ஊருக்குச் சென்று, ஓரிரு நாளில் நிரப்பித் திரும்பி, கணினியில் இட்டு விழுக்காட்டு அட்டவணைகளாக்கி அதற்கு ஆய்வேடு என்று பெயரிடுகிறார். ‘உங்கள் ஊரில் சாதிப் பாகுபாடு உண்டா? ஆம் / இல்லை’ என்னும் கேள்வி, திண்ணையில் நாலு பேர் சூழ்ந்திருக்கும்போது, ஊர்ப்பெரியவரின் காதுபடக் கேட்கப்படுகிறது. ‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்ற பதில் ‘இல்லை’ என்னும் கட்டத்தில் ஒரு குறியாகிறது. அந்தப் பதில் யார் முன்னிலையில், யார் முகத்தைப் பார்த்தபின் சொல்லப்பட்டது என்பதை எழுத அத்தாளில் இடமே இல்லை. சமூகவியல் தொடங்கும் இடமோ அதுதான்.

கேள்வி கேட்கும் மாணவரே இத்தகைய ஓர் ஊரில் பிறந்தவராக இருக்கக்கூடும். சாமி ஊர்வலம் எந்தத் தெருவோடு திரும்பிவிடும், யார் வீட்டுச் சாவுக்கு யார் சேதி சொல்லப் போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்குச் சிறுவயது முதலே தெரியும். புறவயத்தன்மை, அதாவது ஆய்வாளரின் விருப்புவெறுப்பு முடிவைப் பாதிக்காதிருத்தல் என்னும் நெறியின் பெயரால் அந்த அறிவை வாசலிலேயே விட்டுவரும்படி அவர் பழக்கப்படுத்தப்படுகிறார். சொந்த அனுபவத்தைக் கேள்விக்கு உட்படுத்தச் சொல்வது கல்வி. அதை மறக்கச் சொல்வது கல்வியாகாது.

இத்துறையின் வரலாறே இதற்கு எதிராக நிற்கிறது. சொந்தச் சமூகத்தை ஆராய்வது தகும் என்று வாதிட்ட சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர் வட்டாரத்து ஊர் ஒன்றில் பல மாதங்கள் தங்கினார். அங்கு எடுத்துத் தொகுத்திருந்த குறிப்புகள் 1970இல் தீயில் அழிந்தபின், பெரிதும் நினைவையே நம்பி எழுதி 1976இல் வெளியிட்ட நூலை இன்றும் முதுகலை மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். ஆசிரியரின் நினைவு பாடநூலாகலாம், மாணவரின் நினைவு தரவாகக் கூடாது என்பது எவ்வகை நெறி? சமூகவியலுக்கு அண்டைத் துறையான பொருளியலில், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைச் சொந்த ஊர்களை ஆராய அனுப்பினார். அவரும் கேள்விகளைக் கொடுத்தே அனுப்பினார் எனினும், ஊரை அறிந்தவரே விடை எழுதியதால் இருவேல்பட்டு போன்ற ஊர்களைப் பற்றி 1918இல் வெளிவந்த அப்பதிவுகள், பின்வந்தோர் மீண்டும் மீண்டும் அங்குச் சென்று ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க அடித்தளமாயின. அட்டவணை நிறைந்த இன்றைய ஆய்வேடுகளில் எத்தனை அவ்வாறு மறுபடி திறக்கப்படும்?

ஆய்வேடு இப்படிச் சடங்காவதற்கு மாணவர் எண்ணிக்கையையும் வழிகாட்டிகளின் பளுவையும் காட்டிச் சமாதானம் சொல்லப்படுகிறது. ஆனால் முதல் பருவத்திலேயே ஒவ்வொரு மாணவரும் ஓர் இடத்தைத் தேர்ந்து, ஒரு ரேஷன் கடை வரிசையையோ நூறு நாள் வேலைத்தளத்தையோ தொடர்ந்து கவனித்துக் குறிப்பேடு எழுதவும், வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் மாதிரியின் அளவைக் கேட்பதற்கு முன் அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கவும் கூடுதல் நிதி எதுவும் தேவையில்லை. காலம்தான் தேவை: அறுவடையில் ஒருவிதமாகவும் திருவிழாவில் வேறுவிதமாகவும் தன்னைக் காட்டும் ஊரை ஒருமுறைக்கு மேல் பார்க்கும் அளவுக்குக் காலம். ஓராண்டுத் திட்டம் முதலில் பறிப்பது அதைத்தான்.