பூவா தலையா: ரோமக் காசில் ஒரு பெண்

தென்னிந்தியாவில் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே அதிகம். டைபீரியஸ் காசின் தலைப்பக்கம் பேரரசன். பூப்பக்கம் ஒரு பெண், கையில் செங்கோலும் கிளையுமாக உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் இருப்பது அவள் பெயரல்ல. 'தலைமைப் பூசாரி' என்கிற அவனுடைய பதவி. அவன் தாய் லிவியா என்பார்கள் சிலர், அமைதித்தெய்வம் பாக்ஸ் என்பார்கள் சிலர். கி.பி. 22-23இல் ரோமில் அடித்த வெண்கலக்காசில் ஒரு பெண்முகம். எழுத்து 'ஸாலஸ் அகஸ்டா', நலத்தெய்வம். முகம் லிவியாவுடையது என்பது பரவலான வாசிப்பு.

இந்தக் குழப்பம் ஆய்வாளர்களின் குறையல்ல; காசு செய்கிற வேலையே இதுதான். படைவீரனுக்குக் கூலியாகப் போகிற அதிகாரம் தாயாக, தெய்வமாக முகம் காட்டுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் இளைய ஃபௌஸ்டினாவின் பெயரைக் காசில் பொறித்தார்கள். பின்பக்கம் வந்து நின்றது பிள்ளைகளோடு 'ஃபெகுண்டிடாஸ்', பிள்ளைப்பேற்றின் தெய்வம். வாரிசு பெற்றவள் என்பதே அவளுக்குக் கிடைத்த அர்த்தம்.

கடல் தாண்டியதும் பிரதி மாறிவிடுகிறது. இங்கே லத்தீன் யாருக்கு வேணும்? எடையும் உலோகமும்தான் பேச்சு. சில காசுகளில் முகத்தின் குறுக்கே வெட்டு. சில பொற்காசுகளில் துளை, வளையம் - கழுத்துக்கு ஏறியிருக்கின்றன. தாலமி இரண்டாம் நூற்றாண்டில் பெருநகர் என்று குறித்த கொட்டியாராவை நம்ம கோட்டாறு என்கிறார்கள். சோழர்கள் இதே ஊருக்கு மும்முடிச்சோழநல்லூர் என்று முத்திரை குத்தினார்கள். சந்தைக்குப் போறவன் இன்னைக்கும் கோட்டாறுன்னுதான் சொல்லுகான்.

ஆனால் புழக்கம் எல்லா முத்திரையையும் அழித்துவிடும் என்று கொண்டாட முடியாது. 1829இல் தென் திருவிதாங்கூரின் நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப்போல் மேல்சீலை அணியக்கூடாது என்ற ஆணை வந்தது. அது கௌரி பார்வதிபாய் ராணியின் ஆட்சிக்காலம். இந்தமுறை பெண்ணுக்குப் பெயரும் இருந்தது, ஆசனமும் இருந்தது. பெயர் பொறிக்கப்பட்டால் போதும் என்கிற வாதம் இந்த இடத்தில் நொறுங்குகிறது. 1859இல் முழுசாக இல்லையென்றாலும் அந்த உரிமை கிடைத்ததற்குக் காரணம் எந்த ராணியின் கருணையுமல்ல; அடிபட்டும் சீலையை விடாமல் தெருவில் நடந்த பெண்கள். அவர்கள் முகம் எந்தக் காசிலும் கிடையாது.

ஆகவே 'அரசியா, தெய்வமா' என்ற நாணயவியல் கேள்வி பாதிக்கேள்விதான். இவளை முன்னால் உட்காரவைத்து யார், யாருக்கு, எதை மறுத்தார்கள் என்பது மீதிப்பாதி. அதையும் சேர்த்துக் கேட்காத வரையில், தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் ஜெயிப்பது காசை அடித்தவன்தான்.