ஒரு கிட்டாரை வாசித்தல்

பிரையன் மேயின் கிட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் யாரும் முதலில் அது எதிலிருந்து செய்யப்பட்டது என்றுதான் சொல்வார்கள். பின்னாளில் குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞரானவர் அவர். 1963-இல், பதினாறு வயதில், கடையில் நல்ல கிட்டார் வாங்கக் காசில்லாமல் அப்பா ஹெரால்டோடு சேர்ந்து லண்டன் வீட்டிலேயே ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பு ஒன்றின் மஹோகனிச் சட்டம். அதிலிருந்த புழு ஓட்டைகளை அடைக்கத் தீக்குச்சி. ஃபிரெட் பலகையின் வெள்ளைப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டிப் பொத்தான்கள். சுருதியை அசைக்கும் ட்ரெமலோவுக்கு ஒரு பழைய பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அதன் கைப்பிடி நுனியில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் துண்டு. முடிக்கக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆச்சு. ரெட் ஸ்பெஷல் என்று பெயர். 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று அவர் வாசித்தது இதைத்தான்.

இந்தப் பட்டியல் எனக்கும் பிடிக்கும். ஆனா திரும்பத் திரும்பக் கேட்கும்போது ஒரு எரிச்சல் வருகிறது. குப்பையிலிருந்து கோபுரம் என்ற கதையாகவே இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பது நமக்கு மனப்பாடம். அவற்றை வைத்து என்ன முடிவெடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாவலை, அது எந்தப் பேனாவில் எழுதப்பட்டது என்று மட்டும் பேசிவிட்டு மூடிவைப்பது மாதிரி இது.

சரி, வாசித்துப் பார்க்கலாம். அன்றைய கிட்டார்கள் பலவற்றில் ட்ரெமலோவை அழுத்திவிட்டால் கம்பிகள் பழைய சுருதிக்குச் சரியாகத் திரும்பாது. காரணம் உராய்வு. தகடு அசையும் இடத்திலும், கம்பி பாலத்தின்மேல் நகரும் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மாட்டிக்கொள்ளும். எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளரான ஹெரால்டும் மகனும் தகட்டை ஒரு கத்தி முனைமேல் ஊசலாட விட்டார்கள். பாலத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன உருளை வைத்தார்கள். கடையில் விற்ற கிட்டாரிடம் அவர்களுக்கு ஒரு புகார் இருந்தது. கத்தி முனை அந்தப் புகாருக்கான பதில். ஸ்பிரிங் வேறொரு வண்டியிலிருந்து வந்திருந்தாலும் பதில் மாறியிருக்காது.

ஃபிரெட்டுகளும் அப்படித்தான். கம்பியின் நீளம் 24 அங்குலம். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் மிச்ச நீளத்தை 2-இன் பன்னிரண்டாம் மூலத்தால், அதாவது சுமார் 1.0595-ஆல் வகுக்க வேண்டும். முதல் ஃபிரெட் 1.35 அங்குலத்தில் விழும், பன்னிரண்டாவது சரியாக 12 அங்குலத்தில். பள்ளிக்கூட மடக்கை அட்டவணை இருந்தால் போதும். மேதைமை தேவையில்லை, பொறுமைதான் வேண்டும். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் மேல் ஸ்தாயியில் காது கண்டுபிடித்துவிடும்.

எனக்கு முக்கியமாகப் படும் இடம் பிக்கப். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள் அது. அதையும் அவர்கள் வீட்டிலேயே சுற்றினார்கள். சத்தம் நன்றாகவே வந்தது. ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் வளைத்தபோது ஒரு கரகரப்பு கேட்டது. காந்தங்களின் துருவங்களை அமைத்த விதத்தில் கோளாறு. உடனே தாங்கள் செய்ததை ஓரமாக வைத்துவிட்டு, கடைக்குப் போய் மூன்று பர்ன்ஸ் ட்ரைசானிக் பிக்கப்புகளை வாங்கினார்கள். அதையும் அப்படியே மாட்டவில்லை. உள்ளே அரால்டைட் ஊற்றித் தேவையில்லாத கீச்சொலியை அடக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு ஆன்-ஆஃப் ஸ்விட்ச், ஒரு ஃபேஸ் ஸ்விட்ச். பிரையன் மேயின் குரல் என்று நாம் அடையாளம் கண்டுகொள்ளும் ஒலியில் பெரும் பங்கு, கடையில் வாங்கிய இந்தப் பிக்கப்புகளுக்கும் அவற்றை இணைத்த விதத்துக்கும் உண்டு. கையால் செய்ததே உயர்ந்தது என்ற பிடிவாதம் அவர்களிடம் இல்லை. புராணக்கதை இந்த இடத்தைத்தான் வேகமாகத் தாண்டிப் போகிறது.

எடி வான் ஹேலனின் ஃபிராங்கன்ஸ்டைன் கிட்டாரைப் பக்கத்தில் வைத்தால் இன்னும் தெளிவாகும். எடி மரம் அறுக்கவில்லை. 50 டாலருக்கு ஒரு உடல், 80 டாலருக்கு ஒரு கழுத்து, பழைய கிப்சன் கிட்டாரிலிருந்து கழற்றிய ஒரு பிக்கப். கிப்சனின் தடித்த ஒலியும் ஃபெண்டரின் ட்ரெமலோவும் ஒரே கிட்டாரில் வேண்டும் என்பது அவருடைய புகார். இருப்பது ஒரே குமிழ். அதன்மேல் 'டோன்' என்று எழுதியிருக்கும், வேலை செய்வது வால்யூமாக. 2007-இல் இதன் நகலை 25,000 டாலருக்கு விற்றார்கள். தேய்மானம், சிகரெட் சுட்ட தழும்பு எல்லாவற்றையும் அச்சு அசலாகப் பிரதியெடுத்திருந்தார்கள். தழும்பை நகலெடுத்துவிடலாம். அந்தத் தழும்பு விழக் காரணமான அவசரத்தை எந்தத் தொழிற்சாலை நகலெடுக்கும்?

இதைச் சொல்கிற நானும் ஒரு கிட் வாங்கி கிட்டார் செய்தவன்தான். எல்லா ஓட்டைகளும் முன்கூட்டியே போட்டு வந்திருந்தன. இரண்டு வார இறுதிகளில் முடிந்தது. நன்றாகவே வாசிக்கிறது. ஆபீஸில் நான் செய்வதும் பெரும்பாலும் இதுதான், யாரோ எழுதிய நிரல்களை ஒன்றோடொன்று பொருத்துவது. இதில் கேவலம் எதுவும் இல்லை, எடியும் பொருத்தியவர்தான். ஆனால் வாசிக்க வாசிக்க ஒன்று உறுத்தியது. வால்யூமைக் குறைத்தால் ஒலியின் கூர்மையும் சேர்ந்தே மங்கியது. வால்யூம் பொட்டுக்குக் குறுக்கே ஒரு சின்ன கெபாசிட்டரைச் சாலிடர் செய்தேன். சில ரூபாய்தான். கிட்டார்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வித்தை, என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கிட்டாரில் என்னுடையது என்று நான் காட்டக்கூடிய இடம் அது மட்டும்தான். அங்கேதான் எனக்கும் ஒரு புகார் இருந்தது.

புராணக்கதையில் இடம் கிடைக்காத இன்னொன்றும் உண்டு. பிரையன் மே இம்பீரியல் கல்லூரியில் விண்வெளித் தூசியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அதைப் பாதியில் விட்டுவிட்டு இசைக்குப் போனபோது கடுமையாக எதிர்த்தவர் ஹெரால்ட். இரண்டு வருஷம் மகனோடு உட்கார்ந்து அந்தக் கிட்டாரை இழைத்த அதே மனிதர். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கு அது தீர்த்து முடித்த ஒரு கணக்கு. மகனுக்கு அது ஆரம்பம். பையனை கீபோர்டு கிளாசில் சேர்த்துவிட்டு, பிளஸ் டூ வந்ததும் கீபோர்டைப் பரண்மேல் ஏற்றும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குவீனை நேரில் பார்த்த பிறகுதான் ஹெரால்ட் சமாதானமானார். மகன் அந்த ஆய்வை முடித்துப் பட்டம் வாங்கியது 2007-இல். அதைப் பார்க்க அப்பா இல்லை. மகன் அந்தக் கிட்டாரை விடவுமில்லை, அப்பா ஆசைப்பட்ட ஆய்வை மறந்துவிடவுமில்லை. ரெட் ஸ்பெஷலில் எனக்குக் கேட்பது அந்த இழுபறிதான். கணப்படுப்பு மரத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது காதில் விழாது.