பழைய முகம், வேகமான கை: ஜாஸ்மாஸ்டர் மீது ஒரு விசாரணை

நாற்பது வயசுக்கு மேல எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குறவங்க பெரும்பாலும் கண்ணாலதான் வாங்குறாங்க. நானும் அப்படித்தான். ஒரு பக்கம் சாய்ந்த ஜாஸ்மாஸ்டர் உடம்பு, ஆமை ஓட்டு நிறத்தில் ஒரு தகடு, பழைய காரின் டேஷ்போர்டு மாதிரி சுவிட்சுகள். பெட்டியைப் பிரித்ததும் வீட்டில் வந்த முதல் கேள்வி: "செகண்ட் ஹேண்டா?" இல்லை, பழசு மாதிரி செய்த புதுசு. ஃபெண்டர் வடிவத்தைப் பின்பற்றி வேறொரு கம்பெனி செய்தது. பெயர் இங்கே தேவையில்லை.

ஒரே வாரத்தில் சிக்கல் ஆரம்பம். வேகமான ராக் லீடு வாசித்தால் கை தடுமாறுது. கிட்டார் தெரிந்த நண்பர்கள் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: "ஃப்ரெட்போர்டு ரொம்ப வளைவு. இது வேகத்துக்கான கிட்டார் இல்ல. வித்துட்டு தட்டையான நெக் உள்ளதா வாங்கு." விற்றால் பாதி விலைகூட தேறாது. அதனால் விற்பதற்கு முன் அந்தத் தீர்ப்பு சரியா என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஃபெண்டர் 1958-ல் ஜாஸ்மாஸ்டரை ஜாஸ் கலைஞர்களை மனதில் வைத்து கொண்டு வந்தது. அவர்கள் பெரிசாகக் கண்டுகொள்ளவில்லை. பிடித்துக்கொண்டவர்கள் சர்ஃப் இசைக்காரர்கள். சர்ஃப் இசை என்றால் மெதுவான விஷயம் இல்லை; ஒரே கம்பியில் பிக்கை மேலும் கீழுமாக இடைவிடாமல் ஓட்டுவதுதான் அதன் அடையாளம். பின்னால் டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸ் இதே வகை கிட்டாரில் காது கிழியும் நீண்ட சோலோக்களை வாசித்தார். ஆக, "வேகத்துக்கு ஆகாது" என்ற வாதம் வரலாற்றிலேயே இடிக்கிறது.

சரி, அந்த வளைவை எடுத்துக்கொள்வோம். பழைய ஃபெண்டர் ஃப்ரெட்போர்டின் வளைவு ஆரம் 7.25 அங்குலம், அதாவது 184 மில்லிமீட்டர். வேகத்துக்கென்றே பெயர் வாங்கிய இபானெஸ் ஆர்ஜி வகையில் 400 மில்லிமீட்டர் சாதாரணம். வளைந்த பரப்பின் மேல் ஒரு கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் (பெண்டிங்), அது அடுத்தடுத்த ஃப்ரெட்டுகளை நெருங்கும். எவ்வளவு நெருங்கும்? இழுத்த தூரத்தின் வர்க்கத்தை, ஆரத்தின் இரண்டு மடங்காலும், பிரிட்ஜில் கம்பி நிற்கும் உயரத்தாலும் வகுத்தால், பக்கத்து ஃப்ரெட்டுக்கு மேல் இருக்கும் இடைவெளியில் எந்தப் பங்கு காணாமல் போகிறது என்று ஏறக்குறைய கிடைக்கும். பள்ளிக்கூட வடிவியல்தான்.

12-வது ஃப்ரெட்டில் கம்பி உயரம் 1.2 மி.மீ. என்று வைத்தால் பிரிட்ஜில் சுமார் 2.4 மி.மீ. கம்பியை 20 மி.மீ. இழுப்போம். பழைய வளைவில் இடைவெளியின் 45 சதவீதம் போகிறது. 400 மி.மீ. ஆரத்தில் 21 சதவீதம்தான். நண்பர்கள் சொன்னது சும்மா இல்லை. பெரிய பெண்ட் போட்டால் சுரம் கரகரப்பதும் பாதியில் செத்துப்போவதும் இதனால்தான். ஆனால் உயரத்தை 1.6 ஆக்கினால் 45 என்பது 34-க்கு இறங்குது. ஒரு சின்ன அலன் கீயால் முடிகிற வேலை.

இங்கேதான் முக்கியமான விஷயம். இந்தச் சூத்திரத்தில் பக்கவாட்டு இழுப்பு பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். வேகமாக மேலும் கீழும் ஓடும் ஸ்கேல் ஓட்டத்தில் யாரும் கம்பியை இழுப்பதில்லை. ஆக, வளைவு கெடுப்பது பெண்டிங்கை; வேகத்தை அல்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பித்தான் அந்தத் தீர்ப்பு வந்திருக்கிறது.

அப்படியானால் என் கை ஏன் தடுமாறுது? உண்மையான குற்றவாளி பிரிட்ஜ். அசல் ஜாஸ்மாஸ்டரில் கம்பிகள் உட்காரும் உருளைகளில் திருகாணி மாதிரி பல சின்னப் பள்ளங்கள் உண்டு. பிரிட்ஜே ரெண்டு ஊசிக்கால்களில் நின்று முன்னும் பின்னும் அசையும். கம்பியின் மறுமுனை கட்டியிருக்கும் இடம் தூரத்தில் இருப்பதால், பிரிட்ஜைத் தாண்டும்போது கம்பி மிகக் குறைவாகவே கீழே வளைகிறது. அதனால் கம்பியை அழுத்திப் பிடிக்கும் விசையும் குறைவு. வேகமாக, அழுத்தி பிக் செய்தால் கம்பி ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவிவிடும். எனக்கு ஒரே பாட்டில் ரெண்டு தடவை நடந்தது. உள்ளங்கையை வைத்து பாம் மியூட் செய்தாலும் பிரிட்ஜ் லேசாக ஆடுது.

லியோ ஃபெண்டர் கோட்டை விட்டுட்டாரா? அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் 12-ல் தொடங்கும் தடித்த கம்பி செட் சாதாரணம். நாம் போடுவது 9. ஒரே நீளம், ஒரே சுரம் என்றால் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 144-ஐ 81-ஆல் வகுத்தால் 1.78. அந்த பிரிட்ஜ் எதிர்பார்த்த விசையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நாம் தருகிறோம். பழைய வடிவத்தை அப்படியே நகலெடுத்து, இன்றைய மெல்லிய கம்பியை மாட்டி விற்பதுதான் தவறு. மென்பொருளில் நமக்குப் பழக்கமான தவறும்கூட: பழைய நிரல் எந்த அனுமானத்தில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் புது சூழலில் ஓட்டுவது.

நான் செய்தவை மூன்று. 11-ல் தொடங்கும் செட். இழுவிசை ஒன்றரை மடங்கு. நெக்குக்கு அடியில் மெல்லிய ஆப்பு. பிரிட்ஜை உயர்த்த முடிந்தது, கம்பியின் கோணம் கூடியது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரே ஆழமான பள்ளம் உள்ள மஸ்டாங் வகை உருளைகள். அதுக்கப்புறம் கம்பி தாவவே இல்லை.

தீராதவையும் உண்டு. 21 ஃப்ரெட்தான், 24 கேட்கும் பாட்டுக்கு இது உதவாது. ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால் டிஸ்டார்ஷன் ஏற ஏற இரைச்சல். 11 கம்பியில் பெண்டிங்குக்கு விரல் வலிக்கும். முழுக்க மெட்டல்தான் வாசிப்பீர்கள் என்றால் நண்பர்கள் சொன்னதையே நானும் சொல்வேன்: தட்டையான நெக் வாங்குங்க.

கடைசியாக ஒரு சோதனை. நண்பரின் தட்டையான நெக் கிட்டாரைக் கடன் வாங்கி, ஒரே ஓட்டத்தை ரெண்டிலும் மெட்ரோனோம் வைத்து வாசித்து போனில் பதிவு செய்தேன். ரெண்டிலும் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் உடைந்தது: மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவதுக்கு பிக் தாண்டும் இடம். அங்கே வளைவும் இல்லை, பிரிட்ஜும் இல்லை. என் வலது கைதான்.

கிட்டாரை விற்கவில்லை. இப்போது தினமும் இருபது நிமிஷம் அந்த ஒரு தாண்டலை மட்டும் மெதுவாக வாசிக்கிறேன்.